அணுகுண்டு வீசிப் போரை முடித்தது நியாயமா? கடற்கரை ஊரில் பட்டிமன்றம் நடத்தும் முறை

ஆகஸ்ட் 6 வந்தால் பள்ளிகளில் ஒரு கட்டுரைப் போட்டி, ஓர் உறுதிமொழி, காகிதக் கொக்கு. அதோடு ஹிரோஷிமா நாள் முடிந்துவிடுகிறது. ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் பட்டிமன்றம் என்றால் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரும் கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் முன் இந்தக் கேள்வியை வைக்கலாம். ஆனால் "குடும்பத்தைத் தாங்குவது கணவனா மனைவியா" பாணியில் நடத்தினால் அரை மணி நேரத்தில் படுத்துவிடும். காரணம் எளிது. வந்திருக்கும் எல்லோரும் "குண்டு போட்டது தப்பு" என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் அணி கைதட்டலை அள்ளும், இன்னோர் அணி அடி வாங்கும், யாரும் எதையும் யோசிக்காமல் வீட்டுக்குப் போவார்கள். ஏற்பாட்டாளரின் வேலையில் பாதி, "நியாயம்" என்று பேசப் போகிற அணியைப் பலப்படுத்துவதுதான்.

தலைப்பு

"அணுகுண்டு: ஆக்கமா, அழிவா?" என்று வைக்காதீர்கள். அதில் வாதமே இல்லை. "அணு ஆயுதம் தேவையா?" என்று வைத்தால் பேச்சு பொக்ரானுக்கும் கூடங்குளத்துக்கும் ஓடிவிடும். ஆண்டும் செயலும் தலைப்பிலேயே இருக்க வேண்டும்: "1945 ஆகஸ்டில் போரை முடிக்க ஜப்பான் மீது அணுகுண்டு வீசியது நியாயமே / அநியாயமே." நாகசாகியைத் தனிக் கேள்வியாக நடுவர் கையில் விட்டுவையுங்கள். ஹிரோஷிமாவை ஏற்பவர்களில் பலர் நாகசாகியில் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் மேடையில் தெரிந்தால்தான் விவாதத்துக்கு உயிர் வரும்.

ஆட்கள், நேரம், இடம்

நடுவர் ஒருவர், அணிக்கு மூவர். ஒவ்வொரு அணியிலும் ஒருவராவது வரலாறு அல்லது அறிவியல் ஆசிரியராக இருப்பது நல்லது. நகைச்சுவைக்கென்று பெயர் வாங்கிய பேச்சாளரை இந்தத் தலைப்புக்கு அழைக்க வேண்டாம். அவர் மோசமானவர் என்பதற்காக அல்ல. கூட்டம் அவரிடம் சிரிப்பை எதிர்பார்த்து வரும், அவரும் கொடுத்தாக வேண்டும்.

நேரக் கணக்கு: நடுவர் முன்னுரை 10 நிமிடம், ஆறு பேருக்குத் தலா 8 என்று 48, அணித் தலைவர்களின் மறுப்புரை தலா 4 என்று 8, நடுவரின் இடைக்குறிப்புகள் 15, பார்வையாளர் கேள்வி 15, தீர்ப்பு 12. மொத்தம் 108 நிமிடம். கீழக்கரை, பெரியபட்டினம் மாதிரி ஊர்களில் இஷா தொழுகை முடிந்து எட்டேகாலுக்குத் தொடங்கினால் 10 மணி 3 நிமிடத்துக்குத்தான் முடியும். ஒலிபெருக்கியோ இரவு 10 மணிக்கு நின்றாக வேண்டும். அங்கே கேள்வி நேரத்தை 10 நிமிடமாக்குங்கள். தீர்ப்பில் கை வைக்காதீர்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மாலைத் திருப்பலி நேரத்தைப் பங்கில் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். எந்த ஊரானாலும் படகு தொழிலுக்குப் போகும் நாளை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஆண்கள் பக்கம் காலியாகக் கிடக்கும். காவல் நிலைய அனுமதிக் கடிதத்தில் முடியும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.

ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கடற்கரை மேடைக்குப் பெரிய எதிரி. மேடையின் முதுகு காற்று வரும் பக்கம் இருக்கட்டும். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். பின்னால் கட்டும் பிளக்ஸில் அரைவட்டமாக ஓட்டைகள் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் அது பாய் மாதிரி காற்றைப் பிடித்து மூங்கிலையும் சேர்த்து இழுக்கும். பிளக்ஸில் தீக்காயம் பட்டவர்களின் படங்களைப் போட வேண்டாம். குழந்தைகள் முன்வரிசையில் உட்காருவார்கள். அதோடு, அந்தப் படம் ஓர் அணி பேசத் தொடங்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடும்.

பொதுத் தாள்

மிக முக்கியமான வேலை இது. இரண்டு அணிக்கும் ஒரே தாளை ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். இதில் உள்ளவை இருவருக்கும் பொது. மேடையில் இவற்றை யாரும் மறுக்கக் கூடாது, விளக்கம் மட்டும் சொல்லலாம் என்பது விதி.

- 1945 மார்ச் 9-10 இரவு: டோக்கியோ மீது தீக்குண்டு வீச்சு. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறப்பு. அணுகுண்டு இல்லாமலேயே.
- ஏப்ரல் 1 முதல் ஜூன் 22 வரை: ஒகினாவாப் போர். அமெரிக்கத் தரப்பில் 12,000க்கு மேல் இறப்பு. ஜப்பானியப் படையிலும் உள்ளூர் மக்களிலும் அதைவிடப் பல மடங்கு.
- ஜூன் 11: பிராங்க் அறிக்கை. ஆளில்லாத இடத்தில் குண்டை வெடித்துக் காட்டலாம் என்று விஞ்ஞானிகள் சிலர் எழுதியது. ஜூன் 16: செயல்விளக்கம் போரை முடிக்காது என்று ஓப்பன்ஹைமர், ஃபெர்மி உள்ளிட்ட நான்கு விஞ்ஞானிகளின் குழு கருத்துச் சொன்னது.
- ஜூலை 16: நியூ மெக்சிகோவில் முதல் சோதனை.
- ஜூலை 26: ஜப்பானுக்கு நேச நாடுகள் விடுத்த போட்ஸ்டாம் பிரகடனம். நிபந்தனையற்ற சரணடைவு கேட்டது. பேரரசரின் நிலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
- ஆகஸ்ட் 6 காலை 8:15: ஹிரோஷிமா. யுரேனியக் குண்டு, சுமார் 15 கிலோ டன். ஆண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறப்பு.
- ஆகஸ்ட் 8: சோவியத் ஒன்றியம் போர் அறிவிப்பு. 9 அதிகாலை மஞ்சூரியாவில் நுழைவு.
- ஆகஸ்ட் 9 காலை 11:02: நாகசாகி. புளுட்டோனியக் குண்டு, சுமார் 21 கிலோ டன். ஆண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 70,000 பேர். முதலில் குறி வைத்த ஊர் கொக்குரா. அங்கே மேலிருந்து பார்வை மறைந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.
- அதே நாள்: ஜப்பானின் ஆறு பேர் கொண்ட உச்சப் போர்க் குழு சரணடைவு நிபந்தனைகளில் மூன்றுக்கு மூன்று என்று பிளவு. நள்ளிரவுக்குப் பின் பேரரசர் தலையிட்டார்.
- ஆகஸ்ட் 15: சரணடைவு வானொலி உரை. அதற்கு முந்தைய இரவு அதைத் தடுக்க ராணுவ அதிகாரிகள் சிலர் கலகம் செய்து தோற்றார்கள்.
- நவம்பர் 1: கியூஷு தீவில் தரையிறங்க அமெரிக்கா குறித்திருந்த நாள்.

தாளின் பின்பக்கம் ஒரு வரைபடம் அச்சிடுங்கள். ஹிரோஷிமாவில் வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 2 கி.மீ. தூரம் வரை ஏறக்குறைய எல்லாம் எரிந்து தரைமட்டமானது. பாம்பன் ரயில் பாலத்தின் நீளமும் ஏறக்குறைய 2 கி.மீ.தான். பாலத்தின் ஒரு முனையில் வெடித்தால் மறுமுனை வரை என்று சொன்னால் இந்தக் கரையில் வரைபடமே தேவைப்படாது.

நியாயம் அணிக்கு

இந்த அணி முதலில் செய்கிற தவறு "பத்து லட்சம் அமெரிக்க உயிர்களைக் காப்பாற்றிய குண்டு" என்று தொடங்குவது. அந்தப் பத்து லட்சம், அன்றைய போர்ச் செயலர் ஸ்டிம்சன் 1947 பிப்ரவரியில், போர் முடிந்த பிறகு எழுதிய கட்டுரையில் வருவது. அதுவும் இறப்பு அல்ல. இறந்தவர், காயப்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்ந்த சேதக் கணக்கு. 1945 ஜூனில் ராணுவத் திட்டக் குழு ஒன்று இரண்டு கட்டத் தரையிறக்கத்துக்கு 1,93,500 சேதம், அதில் 40,000 இறப்பு என்று மதிப்பிட்டிருந்தது. எதிரணி இதை எடுத்து வீசினால் முதல் பேச்சாளர் அங்கேயே உட்கார வேண்டியதுதான். ஆகவே எண்ணைச் சுருக்கிப் பேசச் சொல்லுங்கள்: 40,000 பேர் என்றாலும், தன் நாட்டுப் பிள்ளைகள் 40,000 பேரைச் சாகக் கொடுக்க எந்தத் தலைவனுக்கு உரிமை?

இரண்டாவது பேச்சாளர் மாற்று வழிகளை எடுக்கட்டும். குண்டு இல்லை என்றால் அமைதி என்று அர்த்தமில்லை. கடல் முற்றுகை தொடர்ந்தால் பட்டினிச் சாவு, தீக்குண்டு தொடர்ந்தால் இன்னும் பல டோக்கியோ. இதில் கூடுதலாக ஒரு தமிழ்க் கணக்கு இருக்கிறது. ஜப்பான் பிடியில் இருந்த சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் போர் நீண்ட ஒவ்வொரு மாதமும் யார் செத்தார்கள் என்று இந்த அணி கேட்கலாம். அவர்களும் பொதுமக்கள்தான். இது அவர்களின் மிக வலுவான வாதம். பெரும்பாலும் யாரும் இதைத் தொடுவதில்லை.

மூன்றாமவர் ஆகஸ்ட் 9க்குப் போகட்டும். ஹிரோஷிமா போய்விட்டது, சோவியத் படை நுழைந்துவிட்டது, கூட்டத்தின் நடுவே நாகசாகிச் செய்தியும் வந்தது. அதற்குப் பிறகும் மூன்றுக்கு மூன்று! பேரரசரை விட்டுவைக்கிறோம் என்ற வெறும் வாக்குறுதிக்கு இவர்கள் இறங்கியிருப்பார்களா?

"ஹிரோஷிமா ராணுவத் தளம்" என்ற வாதத்தை அரைகுறையாகச் சொல்ல விடாதீர்கள். அங்கே ஒரு பெரும்படையின் தலைமையகம் இருந்தது உண்மை. குறி வைத்தது நகர நடுவில் இருந்த அயோய் பாலம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்தான் நம்பத்தக்கவர்.

அநியாயம் அணிக்கு

இந்த அணியின் நோய் வேறு. கண்ணீர் போதும் என்று நினைப்பார்கள். மூன்று பேரும் நிழல் பதிந்த கல்லையும் கருகிய குழந்தையையும் வர்ணித்தால் கூட்டம் அழும், வாதம் நகராது. வர்ணனை ஒருவருக்கு மட்டும், அதிலும் இரண்டு நிமிடம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வாதத்தின் முதுகெலும்பு ஒரு வரியில் அடங்கும்: போரில் சம்பந்தமில்லாதவனைக் கொல்வதையே கருவியாக்கி ஒரு நல்ல முடிவை வாங்கக் கூடாது. இங்கே ஒரு நுணுக்கம். ராணுவத் தொழிற்சாலையைத் தாக்கும்போது பக்கத்து வீடு எரிவது ஒன்று. வீடுகள் எரிந்தால்தான் அரசு பயப்படும் என்று வீடுகளையே குறி வைப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை முதல் பேச்சாளர் தெளிவாக நாட்டிவிட்டால் எதிரணியின் எண்ணிக்கை வாதங்கள் பாதி அடங்கும். ஆனால் உடனே திருப்பி அடி வரும்: "டோக்கியோவும் அப்படித்தானே? அதை விட்டுவிட்டு அணுகுண்டை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?" நேர்மையான பதில், டோக்கியோவும் அநியாயமே என்பதுதான். நழுவினால் தோல்வி.

அடுத்து நாள்காட்டி. ஆகஸ்ட் 6க்கும் நவம்பர் 1க்கும் இடையே 87 நாள். அந்த 87 நாளில் செய்யக் கூடியவை என்ன? பேரரசரை விட்டுவைக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். கடைசியில் அவரை விட்டுத்தானே வைத்தார்கள்? சோவியத் நுழைவின் விளைவைப் பார்த்திருக்கலாம். குண்டை ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டியிருக்கலாம். ஹிரோஷிமாவுக்குப் பின் மூன்று நாளாவது பொறுத்தோம் என்று எதிரணி சொன்னால், நகரமே அழிந்த செய்தியை உறுதி செய்து, கூடிப் பேசி, முடிவெடுக்க மூன்று நாள் போதுமா என்று கேட்க வேண்டும்.

இந்த அணி மிகவும் நம்புகிற ஆவணம் 1946ஆம் ஆண்டு அமெரிக்கக் குண்டுவீச்சு ஆய்வு அறிக்கை. அணுகுண்டு இல்லாவிட்டாலும், சோவியத் வராவிட்டாலும், 1945 டிசம்பர் 31க்குள் ஜப்பான் நிச்சயம் சரணடைந்திருக்கும் என்கிறது அது. பயன்படுத்தலாம், ஆனால் அளவோடு. அது போருக்குப் பின் ஜப்பானியரை விசாரித்து எழுதியது. ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் மேசையில் அது இல்லை. ஒருவரின் செயலை அன்று அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட முடியும். அன்று தெரிந்ததற்கு வேறு ஆவணம் உண்டு. 1945 ஜூலையில் ஜப்பான் வெளியமைச்சர் டோகோவுக்கும் மாஸ்கோ தூதர் சாடோவுக்கும் நடந்த தந்திகளை அமெரிக்கா உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. ஜப்பான் சமாதானத்துக்கு வழி தேடுகிறது என்று ஓர் அணி அதில் காட்டும். சரணடைவதே மேல் என்று சாடோ கெஞ்சியும் டோகோ மறுத்தார் என்று மற்ற அணி காட்டும். ஒரே ஆவணம் இரண்டு கைக்கும் போகிற அந்த இடத்தில் நடுவர் குறுக்கிடாமல் விட்டுவிட வேண்டும்.

சட்டம் பேசுவோர் ஆண்டைக் கவனிக்கட்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தை 1945க்குப் பொருத்த முடியாது. பாதுகாப்பற்ற ஊர்களைத் தாக்கக் கூடாது என்ற 1907 ஹேக் விதி செல்லும். 1963இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், இழப்பீடு தர மறுத்தாலும், குண்டுவீச்சு அன்றைய சர்வதேசச் சட்டத்துக்கே முரண் என்று தீர்ப்பளித்தது. இது நல்ல சான்று. 1996 ஜூலை 8 ஹேக் உலக நீதிமன்றக் கருத்துரையைச் சொல்வோர் முழுதாகச் சொல்ல வேண்டும். அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டவிரோதம் என்றது, நாட்டின் உயிர்வாழ்வே ஆட்டம் காணும் தற்காப்பு நிலையில் முடிவு சொல்ல முடியவில்லை என்றும் அதே வாக்கியத்தொடரில் சொன்னது. நீதிபதிகளின் வாக்கு ஏழுக்கு ஏழாகி, தலைவரின் கூடுதல் வாக்கால் நின்றது.

நம் கரையில் தவறாமல் வரும் நான்கு பேச்சு

திருப்புல்லாணி. இங்கே ராமாயணம் வராமல் அறம் பேச முடியாது. தர்ப்பையில் கிடந்து காத்திருந்த ராமன், கடலரசன் வராதபோது அஸ்திரத்தைத் தொடுத்தான். அவன் அடிபணிந்ததும் தொடுத்த கணையைக் கடலின் மேல் விடவில்லை, வேறிடத்துக்குத் திருப்பினான். "பார்த்தீர்களா, மிரட்டினாலே போதும், செயல்விளக்கமே போதும்" என்று அநியாயம் அணி மகிழும். கம்பனில் அந்தக் கணை மருகாந்தாரத்து அவுணர்கள் மேல் பாய்ந்ததே, அது ஆளில்லா இடமா என்று மற்ற அணி கேட்க வேண்டும். இன்னொரு சோடியும் உண்டு. இந்திரசித்தின் மேல் பிரம்மாஸ்திரம் விட இலக்குவன் கேட்டபோது, அது மூன்று உலகையும் சுடும் என்று ராமன் தடுக்கிறான். மனத்தறிந்த இந்திரசித்து முந்திக்கொண்டு அதையே இவர்கள் மேல் விடுகிறான். அடக்கம் காட்டியவன் அடி வாங்கிய கதை என்று நியாயம் அணி சொல்லலாம். இது மேடைக்கான அலங்காரம் மட்டுமல்ல. உலக நீதிமன்றத்தில் 1996இல் மாற்றுக் கருத்து எழுதிய இலங்கை நீதிபதி வீரமந்திரி, எந்த நிலையிலும் அணு ஆயுதம் சட்டவிரோதமே என்ற தன் வாதத்தில் ராமாயண, மகாபாரத ஆயுதத் தடைகளையும் எடுத்தாண்டார். இதற்கு மொத்தம் 5 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் போனால் ஆன்மிகச் சொற்பொழிவாகிவிடும்.

அப்துல் கலாம். பேய்க்கரும்பு நினைவிடம் இருக்கிற மண்ணில் அணுகுண்டு தப்பு என்று பேசலாமா என்று யாராவது எழுந்து கேட்பார்கள். நடுவர் முன்னுரையிலேயே முடித்துவிடுங்கள்: 1998 பொக்ரான் பேச்சு, எதிரி வீசாமலிருக்க ஆயுதம் வைத்திருப்பது பற்றியது. இந்தியா முதலில் பயன்படுத்தாது என்பது அறிவித்த கொள்கை. இன்றைய கேள்வி, வீசியது பற்றியது.

நேதாஜி. மலாயா, பர்மா போய் வந்த குடும்பங்கள் நிறைந்த சீமை இது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் வழியில் வந்தோர் கூட்டத்திலேயே இருப்பார்கள். ஜப்பான் அவர்களுக்கு எதிரி நாடு அல்ல. சயாம்-பர்மா மரண ரயில் வாதம் எடுபடும் அதே இடத்தில் கோபத்தையும் கிளப்பும். பேச்சாளர் அதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

நான்காவது மிகவும் கவனம் வேண்டியது. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போர் என்பது பாடப்புத்தகம் அல்ல. "போரைச் சீக்கிரம் முடிக்க எந்த வழியும் சரி" என்ற வாக்கியம் 2009ஐ நேராகக் குத்தும். நியாயம் அணி அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லக் கூடாது, அநியாயம் அணி முள்ளிவாய்க்காலைக் கைதட்டலுக்காக இழுக்கவும் கூடாது. யாராவது தொடங்கினால் நடுவர் சொல்ல வேண்டியது இதுதான்: "தம்பி, அந்தப் பேச்சுக்கு இந்த எட்டு நிமிடம் போதாது. 45க்கு வாங்க." குரல் உயர வேண்டியதில்லை.

நடுவர்

ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு நடுவர் நகைச்சுவை சொல்வதை விட்டு ஒரே ஒரு வேலை செய்யட்டும். சற்றுமுன் வந்த வாதம் எந்த வகை என்று பெயரிடுவது. "டீச்சரம்மா இப்போது சொன்னது நடந்த செய்தி, தாளில் இருக்கிறது. அண்ணன் சொன்னது நடந்திருக்கும் என்ற ஊகம். அதற்கு அவர் ஆதாரம் தர வேண்டும். மூன்றாவது, செய்யலாமா கூடாதா என்ற அறம். அதற்கு ஆதாரம் கேட்க முடியாது, காரணம் கேட்கலாம்." மூன்று பேச்சு வரை இப்படிச் செய்தால் நான்காவது பேச்சாளர் தானாகவே பிரித்துப் பேசுவார்.

1964 தனுஷ்கோடிப் புயலை யாராவது ஒப்பிடுவார்கள். உடனே கேளுங்கள்: புயலை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவீர்கள்? இழப்பு வேறு, குற்றம் வேறு என்பது ஒரே கேள்வியில் விளங்கும்.

தீர்ப்பில் "இரண்டும் சரி, நாணயத்தின் இரு பக்கம்" என்று நழுவும் நடுவரை அடுத்த ஆண்டு கூப்பிடாதீர்கள். அவர் மூன்று கேள்விக்கு வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 6 அன்று வேறு வழி மீதி இருந்ததா? இல்லாவிட்டாலும் நகர மக்களைக் குறி வைக்கலாமா? ஹிரோஷிமாவுக்குச் சொன்ன காரணம் நாகசாகிக்கும் ஆகுமா? முதலுக்கு "இல்லை", இரண்டுக்கு "கூடாது" என்று பதில் வந்தால், வேறு வழி இல்லாதபோதும் அந்தச் செயல் தவறு என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, அதன் விலையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கருத்தில் இரண்டாம் கேள்விதான் கனமானது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அங்கே குதிக்கிற தீர்ப்பைக் கேட்பவர்கள் நம்புவதில்லை.

சீட்டு

நுழையும்போது ஒரு வெள்ளைச் சீட்டு, வெளியே போகும்போது ஒரு மஞ்சள் சீட்டு. இரண்டிலும் நியாயம், அநியாயம், முடிவில்லை என்று மூன்று கட்டம். பெயர் வேண்டாம். கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். மௌன அஞ்சலி செலுத்துவதானால் முன்னுரைக்கு முன்பே செலுத்திவிடுங்கள். தீர்ப்புக் கைதட்டலுக்குப் பின் வைத்தால் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எண்ணும்போது இரண்டு அணியிலிருந்தும் ஒருவர் உடன் இருக்கட்டும். "முடிவில்லை" கூடியிருந்தால் அதைத் தோல்வியாக எழுத வேண்டாம், அப்படியே எண்ணைப் போட்டு மறுநாள் காலை நூலகப் பலகையில் ஒட்டுங்கள். மீந்த பொதுத் தாள்களையும் அங்கேயே வைத்துவிடலாம்.